ரைவல்: வாய்க்காலில் பிறந்த சொல்



தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களிலும், தேர்தல் காலத்திலும், கிரிக்கெட் பந்தயம் நடைபெறும் பொழுதுகளிலும் நம் இல்லங்களில் தவறாமல் ஒலிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. 'ரைவல்' என்பதே அது. 'அவன்தான் என் ரைவல்' என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்கிறது. கடைவீதியில் எதிர்க்கடையைச் சுட்டிப் பெரியவர்களும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டினால் போட்டியாளர், எதிராளி என்று பொருள் காண்கிறோம். எதிராளி என்றவுடன் எங்கோ தொலைவில் மறுகரையில் நின்று நம்மை வீழ்த்தக் காத்திருக்கும் அயலான் ஒருவனின் உருவம் மனத்தில் எழுகிறது.

ஆனால், அந்தச் சொல் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் நாம் போய் நிற்கும் இடம் போர்க்களமும் அன்று, பந்தயத் திடலும் அன்று. ஒரு சிறிய வாய்க்காலின் கரை! அதிலும், ஒரத்தநாட்டைச் சுற்றி வாழும் நமக்கு விளக்கமே தேவைப்படாத வாய்க்கால்கரை. அச்சொல்லின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் சிறிதன்று. ஆகவே அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சொல் பிறந்த கதை

இலத்தீன் மொழியில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால் என்று பொருள். அதிலிருந்து 'ரீவாலிஸ்' என்ற சொல் பிறந்தது. ஒரே வாய்க்காலிலிருந்து மற்றொருவனோடு சேர்ந்து நீர் எடுப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். இலத்தீன் ரீவாலிஸ்தான் ஆங்கிலத்தில் ரைவல் ஆயிற்று.

இது வெறும் ஊகம் அன்று. பண்டைய ரோமானியர்கள் வாய்க்கால் தண்ணீருக்கென்றே தனிச் சட்டங்கள் வகுத்திருந்தார்கள். நீர் கொண்டு செல்லும் உரிமை உடைய ஒருவனை வன்முறையால் தடுக்கக் கூடாது என்று அதிகாரி தடையாணை பிறப்பிக்கும் முறை அவர்களிடம் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த உல்பியன் என்னும் சட்ட அறிஞர் அந்தத் தடையாணைகளுக்கு விளக்கம் எழுதும்போது, 'ரீவாலிஸ்' எனப்படுவோர் ஒரே வாய்க்கால் வழியாக நீர் கொண்டு செல்பவர்களே எனத் தெளிவாகப் பொருள் கூறியுள்ளார். பேரரசர் ஜஸ்டினியனின் ஆணைப்படி 533ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிடப்பெற்ற சட்டத் தொகுப்பில் அவ்விளக்கம் இடம்பெற்று இன்றளவும் நிலைத்திருக்கிறது.

வாய்க்காலைப் பகிர்ந்து கொள்வோரிடையே சண்டை வருவதற்கு அதிக நாள் வேண்டுமா? 'என் முறையில் நீ மடை திறந்துவிட்டாய்' என்று ஒருவர், 'நேற்று இரவு என் வரப்பை வெட்டியவன் யார்?' என்று மற்றவர். நாளடைவில் ஒரே வாய்க்கால்காரன் என்ற சொல்லே சண்டைக்காரனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்து இலத்தீன் நகைச்சுவை நாடகங்களிலேயே, ஒரே பெண்ணை விரும்பும் இரு ஆடவர்களுக்கு இச்சொல் வழங்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் போய்விட்டது, சண்டை மட்டும் எஞ்சியது!

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் பழைய நட்புப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1600ஆம் ஆண்டையொட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தின் முதற்காட்சியில், கோட்டையில் இரவுக் காவல் புரியும் வீரன் ஒருவன் தன்னுடன் காவல் காக்க வரவேண்டிய தோழர்களைக் குறிக்க இதே ரைவல் என்ற சொல்லைத்தான் கையாளுகிறான். அங்கே அதற்குக் கூட்டாளி என்பதே பொருள். இன்றைய மாணவன் அந்த வரியைப் படித்தால் திகைத்துத்தான் போவான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஓசை ஒத்திருப்பதைக் கண்டு, ஆறு என்று பொருள்படும் 'ரிவர்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது என்று பலர் கருதுவதுண்டு. அப்படியன்று. ரிவர் என்பது கரையைக் குறிக்கும் 'ரீபா' என்ற வேறோர் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆனால், ஒரு சொல்லின் மூலத்தைக் காண்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெரிவேஷன்' என்ற சொல் மெய்யாகவே ரைவலின் உடன்பிறப்பு. ஓடையிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுவருதல் என்பதே அதன் ஆதிப் பொருள். போட்டியிடுதலைக் குறிக்கும் 'காம்பீட்' என்ற சொல்லோ, 'சேர்ந்து நாடுதல்' என்று பொருள் தரும் இலத்தீன் வேரைக் கொண்டது. ஆக, போட்டியைப் பற்றிய சொற்களைத் தோண்டத் தோண்டக் கூட்டுறவின் ஈரம்தான் தட்டுப்படுகிறது.

நம்முடைய பங்காளி

இது ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணிவிட வேண்டாம். நம் தமிழில் 'பங்காளி' என்ற சொல் இருக்கிறதே, அதைச் சற்று எண்ணிப் பாருங்கள்! பங்கு உடையவன் பங்காளி. ஒரே பாட்டனாரின் சொத்தில் உரிமை உள்ள நெருங்கிய உறவினன். ஆனால், 'பங்காளிக் காய்ச்சல்' என்று சொன்னால் மருத்துவரிடம் போக வேண்டிய நோய் என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்தவன் வீட்டு மாடி எழும்போது நம் நெஞ்சில் எழும் வெப்பம் அது என்று எல்லோருக்கும் தெரியும். 'தாயாதி' என்ற வடசொல்லின் கதையும் இதுவே. மரபுச் சொத்தில் பங்குடையவன் என்று பொருள்பட்ட அது, தாயாதிச் சண்டை, தாயாதிக் காய்ச்சல் என்ற தொடர்களுக்குள் சிக்கிக்கொண்டது. தந்தையின் உடன்பிறந்தார் மகனைக் குறித்த பழைய சமஸ்கிருதச் சொல் ஒன்று, பகைவன் என்ற பொருளையும் சேர்த்தே சுமந்ததாக அம்மொழி அகராதிகள் காட்டுகின்றன.

அருள்மறையிலும் இதற்கு இணையான இடம் உண்டு. 'ஸாத்' என்னும் 38ஆம் அத்தியாயத்தில், தாவூத் நபி (அலை) அவர்களிடம் வழக்குரைக்க வந்த இருவரின் நிகழ்ச்சி கூறப்படுகிறது. ஒருவரிடம் தொண்ணூற்று ஒன்பது ஆடுகள்; மற்றவரிடம் ஒரே ஓர் ஆடு. அந்த ஒன்றையும் தன்னிடம் விட்டுவிடுமாறு தொண்ணூற்று ஒன்பதுக்கு உரியவர் கேட்கிறார். அப்போது தாவூத் நபி அவர்கள், கூட்டாளிகளில் பலர் ஒருவர் மீது ஒருவர் வரம்பு மீறவே செய்கிறார்கள் என்றும், நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோரே இதற்கு விதிவிலக்கு, அத்தகையோர் மிகச் சிலரே என்றும் தீர்ப்புரைக்கிறார்கள். அங்கே கூட்டாளிகளைக் குறிக்க வந்துள்ள 'குலதாஉ' என்ற அரபுச் சொல்லுக்குக் கலந்து பழகுவோர் என்பது வேர்ப்பொருள்.

பார்த்தீர்களா? இலத்தீன், தமிழ், அரபு என மூன்று மொழிகளும் ஒரே உண்மையைத் தொட்டுக் காட்டுகின்றன. நமக்குப் பகையாகத் தோன்றுபவர் பெரும்பாலும் நம் அருகில் இருப்பவரே. எங்கோ ஒரு நாட்டில் எவரோ ஒருவர் பெருஞ்செல்வராவது நம் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. நம்மோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர் நம்மைவிட ஒரு மரக்கால் கூடுதலாக அறுத்துவிட்டால்தான் இரவு நீள்கிறது.

புது ஆற்றின் கரையில்

ஒரத்தநாட்டு வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்த உண்மை பாடப்புத்தகச் செய்தி அன்று. தஞ்சைக்குத் தெற்கே உள்ள இந்த நிலப்பகுதி, பழைய காவிரிப் பாசனத்தின் கைக்கு எட்டாமல் பெரும்பாலும் மழையையும் ஏரிகளையும் நம்பியிருந்தது. மேட்டூர் அணைத் திட்டத்தின் ஓர் அங்கமாகக் கல்லணையிலிருந்து புதிதாகக் கால்வாய் வெட்டப்பட்டு, 1934இல் அணை திறக்கப்பட்டதையொட்டிப் பயன்பாட்டுக்கு வந்தது. அரசு ஏடுகளில் அதன் பெயர் கல்லணைக் கால்வாய். மக்கள் வாயில் அது 'புது ஆறு'. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நமக்கு அது புது ஆறுதான்! ஏறக்குறைய 148 கிலோமீட்டர் ஓடி, தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்திற்குள்ளும் சென்று, இரண்டே கால் லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருகிறது. கல்யாண ஓடை, ராஜாமடம் வாய்க்கால் முதலிய கிளைகள் அதிலிருந்து பிரிகின்றன. கிளையிலிருந்து சிறு வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால், அதிலிருந்து மடை என்று தண்ணீர் கைமாறிக் கைமாறி வருகிறது.

இந்தப் பயணத்தில் முதலில் தண்ணீரைக் காண்பவர் தலைமடைக்காரர். இறுதியில் காண்பவர் கடைமடைக்காரர். வழியில் மணல் குடிப்பது ஒரு பங்கு. ஆகாயத் தாமரையும் காட்டாமணக்கும் மறித்துக் கொள்வது ஒரு பங்கு. உடைப்பெடுத்த கரை வழியே வீணாவது ஒரு பங்கு. தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டும் வேளையில், கடைமடையில் இன்னும் நாற்றங்காலுக்கே தண்ணீர் வந்து சேர்ந்திருக்காது. மேட்டூர் அணையை ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை; 2020இல்தான் மீண்டும் ஜூன் 12இல் மதகுகள் உயர்ந்தன. அத்தகைய பற்றாக்குறை ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். அந்த முறை நாள்களில் வாய்க்கால் கரையில் நள்ளிரவிலும் விளக்கொளி நடமாடும். யார் மடையை யார் திறக்கிறார்கள் என்று காவல் காக்கும் அந்த விளக்குகளைக் கண்டிருந்தால், ரைவல் என்ற சொல்லுக்கு உல்பியன் எழுதிய உரை நமக்குத் தேவையே இல்லை.

எனினும், இந்த உறவுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தலைமடை வயலில் தேங்கும் நீர் எங்கே போகும்? வடிகால் வழியாகக் கீழே உள்ள நிலத்தைக் கடந்துதான் போக வேண்டும். கீழேயுள்ளவர் வடிகாலை அடைத்துவிட்டால் மேலேயுள்ளவரின் பயிர் அழுகிவிடும். கோடையில் எவரைப் பற்றிக் கவலைப்படாமல் மடையைத் திறந்து வைத்திருந்தாரோ, ஐப்பசியில் அவருடைய தயவில்தான் அவர் பயிர் பிழைக்க வேண்டும்! தண்ணீர் வேண்டும்போது கீழேயுள்ளவர் மேலே பார்க்கிறார். தண்ணீர் வேண்டாதபோது மேலேயுள்ளவர் கீழே பார்க்கிறார். இறைவன் நிலத்தைச் சாய்வாகப் படைத்து, மனிதரை இப்படி ஒருவரோடு ஒருவர் கட்டி வைத்திருக்கிறான்.

தூர் வாரும் வேலையும் அவ்வாறே. என் வயலுக்கு எதிரேயுள்ள பகுதியை மட்டும் நான் வெட்டினால் எனக்கு ஒரு சொட்டும் வாராது. வாய்க்கால் முழுவதும் வெட்டப்பட வேண்டும். குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடி இதைச் செய்தார்கள். வழக்கப்படியான இவ்வேலைக்கு வாராதவர்களிடம் அதன் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்கும் வகையில் 1858ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. நீருக்குச் சண்டையிடும் அதே கைகள்தாம் மண்வெட்டியோடு ஒன்றாக இறங்கியாக வேண்டும்.

கணுக்கால் அளவு

பாலைவனச் சோலையாகிய மதீனாவிலும் இதே வழக்கு எழுந்தது. மழைக்காலத்தில் மஹ்ஸூர், முதைனிப் என்னும் ஓடைகளில் வெள்ளம் வரும். மேலேயுள்ள தோட்டக்காரர் எவ்வளவு நிறுத்திக் கொள்ளலாம்? கீழேயுள்ளவருக்கு எப்போது விட வேண்டும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' பதிவு செய்துள்ளது. மேலேயுள்ளவர் கணுக்கால் அளவு நீர் நிற்கும் வரை தேக்கிக் கொள்ளலாம். பிறகு கீழேயுள்ளவருக்குத் திறந்துவிட வேண்டும். இவ்வளவுதான் தீர்ப்பு. அளவுகோலும் கருவியும் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் காலைப் பார்த்துத் தெரிந்து கொள்ளக் கூடிய சட்டம்! அவரவர் கணுக்காலே அவரவர்க்குச் சாட்சி.

மற்றொரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஹர்ரா என்னும் கல்தரையிலிருந்து வரும் நீரோடை விஷயத்தில், நபிகளாரின் அத்தை மகனான ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் தகராறு ஏற்பட்டது. ஸுபைர் அவர்களின் நிலம் மேலே. அன்ஸாரியின் நிலம் கீழே. தண்ணீரை ஓட விடுமாறு அன்ஸாரி கேட்க, ஸுபைர் மறுத்துவிட்டார். வழக்கு பெருமானாரிடம் வந்தது. முதலில் நீர் பாய்ச்சிக் கொண்டு பிறகு அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுமாறு ஸுபைர் அவர்களிடம் பெருமானார் கூறினார்கள். அன்ஸாரிக்குக் கோபம் வந்துவிட்டது. உறவினர் என்பதால் இப்படித் தீர்ப்பளித்தீர்களோ என்று கேட்டுவிட்டார். நாயகத்தின் திருமுகம் நிறம் மாறியது. அதன்பிறகு, பாத்தியின் வரப்பு அளவுக்கு நீர் ஏறும் வரை நிறுத்திக் கொள்ளுமாறு ஸுபைர் அவர்களுக்குச் சொன்னார்கள். அந்த வரப்பின் அளவு கணுக்கால் வரை வருமென்று பிற்கால அறிஞர்கள் கணித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் என்ன? முதலில் சொன்னது சமரசம். அதில் மேலேயுள்ளவர் தம் முழு உரிமையைக் கொஞ்சம் விட்டுக் கொடுக்க, கீழேயுள்ளவருக்கு விரைவில் நீர் கிடைத்திருக்கும். இரண்டாவது, சட்டப்படியான முழு உரிமை. சந்தேகப்பட்டுச் சமரசத்தை உதறியவர் தமக்குக் கிடைக்கவிருந்த சலுகையைத்தான் இழந்தார். நீர் வழக்கோ, பாகப்பிரிவினையோ, நம் ஊர்களில் பெரியவர்கள் பேசி முடித்ததை ஏற்காமல் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறி நொந்து போனவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

தண்ணீர், மேய்ச்சற்புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பதும், தேவைக்கு மேற்பட்ட தண்ணீரைப் பிறருக்குத் தடுக்கலாகாது என்பதும் பெருமானாரின் அறிவுரைகள். நாம் அன்றாடம் சொல்லும் 'ஷரீஅத்' என்ற சொல்லுக்கே, நீர்நிலைக்குச் செல்லும் பாதை என்பது ஆதிப் பொருளாக அரபு அகராதிகளில் காணப்படுகிறது. தாகித்த கூட்டம் ஒன்றையொன்று மிதித்துக் கொள்ளாமல் தண்ணீர்த் துறைக்குப் போய் வர ஒரு பாதை வேண்டுமல்லவா?

வலென்சியாவின் வியாழக்கிழமை

முஸ்லிம்கள் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் வாய்க்கால் வெட்டும் கலையும் நீர் பங்கிடும் முறையும் அங்கே செழித்தன. ஸ்பானிய மொழியில் இன்றும் பாசன வாய்க்காலுக்கு 'அஸேக்கியா' என்று பெயர். 'அஸ்ஸாகியா' என்ற அரபுச் சொல்தான் அப்படி மாறியிருக்கிறது. கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா நகரை 1238இல் கிறிஸ்தவ மன்னர் முதலாம் ஜேம்ஸ் கைப்பற்றினார். ஆட்சி மாறியது. ஆனால், வாய்க்கால் தண்ணீரைப் பழைய வழக்கப்படியே பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். சமயத்தையும் ஆட்சியையும் மாற்றிய வாள், தண்ணீர் முறையை மாற்றத் துணியவில்லை.

அந்நகரில் இன்றும் வியாழக்கிழமை தோறும் நண்பகலில், ஒரு காலத்தில் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழுந்துள்ள தேவாலயத்தின் வாயிலில், தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. அதன் நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர். அந்தந்த வாய்க்கால் பாசனக்காரர்கள் தேர்ந்தெடுத்த விவசாயிகள். வழக்கு வாய்மொழியாகவே விசாரிக்கப்படுகிறது. அங்கேயே தீர்ப்பும் வழங்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நீதிமன்றத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரே வாய்க்காலில் நீர் எடுப்போரை எதிரிகளாக நிறுத்தாமல் நீதிபதிகளாக அமர்த்திய ஊர் அது.

காவிரியும் இரு கரையாரும்

இனி நம் காவிரிக்கு வருவோம். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 1892இலும் பின்னர் 1924இலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1974க்குப் பிறகு வழக்கு முற்றியது. மன்னார்குடி எஸ். ரங்கநாதன் அவர்களின் தலைமையில் டெல்டா விவசாயிகள் 1983இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்ற ஆணையின்படி 1990 ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் அது வழங்கிய இடைக்காலத் தீர்ப்பையடுத்து, அவ்வாண்டு டிசம்பரில் கர்நாடகத்தில் மூண்ட கலவரத்தில் ஏழை எளிய தமிழ்க் குடும்பங்கள் உயிரும் உடைமையும் இழந்து ஊர் திரும்பிய துயரத்தை மறக்க முடியாது. ஒரே ஆற்றின் நீரைக் குடித்தவர்கள்தாம் இரு தரப்பாரும்!

2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு வந்தது. மொத்தம் 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டு, தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பங்கு வகுக்கப்பட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தித் தமிழகத்துக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி. என்று அறுதியிட்டது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு நாட்டின் சொத்து. எந்த ஒரு மாநிலமும் அதைத் தனக்கே உரியதென்று சொந்தம் கொண்டாட முடியாது என்றும் கூறியது. அவ்வாண்டு ஜூன் மாதம் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது.

பங்கின் அளவைத் தீர்ப்பு சொல்லிவிடும். ஆனால், மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படித் தாங்கிக் கொள்வது என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்த முயற்சியும் நடந்தது. 2003ஆம் ஆண்டில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். ஜனகராஜன் போன்றோரின் முயற்சியால் இரு மாநில விவசாயிகளும் ஒரே அறையில் அமர்ந்தனர். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'காவிரிக் குடும்பம்'. வழக்குத் தொடுத்த மன்னார்குடி ரங்கநாதன் அவர்களே அதில் முன்னின்றார் என்பது எண்ணத்தக்கது. கர்நாடக விவசாயிகள் டெல்டாவுக்கு வந்து வறண்ட வயல்களைக் கண்டார்கள். நம்மவர்கள் அங்கே சென்று அவர்களுடைய நிலத்தைக் கண்டார்கள். அம்முயற்சி தீர்ப்புக்கு மாற்றாக ஆகிவிடவில்லை, சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், எதிர்க்கட்சிக்காரரின் வயலை நேரில் போய்ப் பார்க்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. வழக்கை விட்டுவிடாமலே குடும்பம் என்று அழைத்துக் கொண்டார்கள். உரிமையைக் கேட்பதற்குப் பகைமை கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

போட்டிக்கு உரிய இடம்

அப்படியானால் போட்டியே கூடாதா? மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நன்மைகளில் ஒருவரை ஒருவர் முந்திக் கொள்ளுமாறு திருக்குர்ஆன் 2:148 கட்டளையிடுகிறது. போட்டியிடுவோர் எதில் போட்டியிட வேண்டும் என்பதை 'அல் முதஃப்ஃபிஃபீன்' என்னும் 83ஆம் அத்தியாயம் நேராகவே சொல்கிறது. அந்த இடத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். நல்லோர்க்குச் சுவனத்தில் கஸ்தூரியால் முத்திரையிடப்பட்ட தூய பானம் வழங்கப்படும் எனக் கூறி, போட்டியிடுவோர் அதற்காகப் போட்டியிடட்டும் என்கிறது. அடுத்து, இறைவனுக்கு நெருக்கமானவர்கள் பருகும் நீரூற்றைப் பற்றிப் பேசுகிறது. அங்கேயும் போட்டியைப் பற்றிய பேச்சு ஒரு நீரூற்றின் அருகில்தான் நிகழ்கிறது!

இன்னும் ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அத்தியாயத்தின் தொடக்கம் எது? பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக் கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்கு வரும் கேடு. அத்தியாயத்தின் பெயரே அளவில் மோசம் செய்வோர் என்பதுதான். போட்டியைப் பற்றிப் பேசும் முன்பு அளவைப் பற்றிப் பேசப்படுகிறது. அளவு நேர்மையாக இருந்தால்தான் போட்டி போட்டியாக இருக்கும். இல்லையேல் அது திருட்டு. வாய்க்காலுக்கும் இதுவே விதி. கணுக்காலுக்கு மேல் ஓர் அங்குலம் தேக்கினாலும் அது அடுத்தவர் பங்கு.

மறுமையின் அந்த நீரூற்றுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. ஒருவர் பருகுவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. தலைமடை கடைமடை என்ற பேதம் அங்கே இல்லை. கல்வியும் நற்குணமும் ஈகையும் இம்மையிலேயே அதை ஒத்தவை. வகுப்பில் ஒரு மாணவன் கணக்கு நன்றாகக் கற்றுக் கொண்டதால், பக்கத்து மாணவனுக்குக் கணக்கு குறைந்து போவதில்லை. ஒருவன் தன் பாடத்தை மற்றவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் சொன்னவனுக்கும் தெளிவு கூடுகிறது. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எங்களுக்கு நாள்தோறும் கண்கூடான உண்மை இது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. அரசு கைவிட்டதை நம் வீடுகள் கைவிட்டனவா? 'உன் பெரியத்தா மகனைப் பார்' என்று தட்டில் சோறு வைக்கும்போதே பிள்ளையின் நெஞ்சில் நெருப்பையும் வைத்துவிடுகிறோம். அந்தப் பெரியத்தா மகன் அன்று முதல் அவனுக்கு உறவினன் அல்லன், எதிராளி. பிற்காலத்தில் பாகப்பிரிவினையின்போது பற்றி எரியும் தீக்கு நாம் அன்றே விறகு அடுக்கிவிட்டோம்.

உலகப் பொருள் அப்படிப்பட்டதன்று. அது வாய்க்கால் தண்ணீர் போல அளவுக்குட்பட்டது. எனவே அங்கே அளவும் முறையும் தேவை. அண்ணன் தம்பிகளுக்குள் நிலத்தைப் பிரித்துக் கொள்ளும்போது, சகோதரிக்கு உரிய பங்கை மார்க்கம் வகுத்தபடி மனமுவந்து கொடுத்துவிட வேண்டும். அவள் வாய் திறந்து கேட்கவில்லை என்பதற்காக அவளுடைய மடையை அடைத்து வைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. கடைவீதியில் எதிரே கடை வைத்திருப்பவரும் நம் ஊர் வாடிக்கையாளர்கள் என்ற அதே வாய்க்காலில்தான் நீர் எடுக்கிறார். சரக்கின் தரத்தில் அவரை முந்தலாம். எடையில் குறைத்தோ, அவரைப் பற்றிப் புறம்பேசியோ முந்தக் கூடாது. இல்லத்தரசிகள் மத்தியில் குழாயடிச் சண்டை என்று கேலியாகச் சொல்லப்படுவதும், ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகளுக்குள் வரும் மனத்தாங்கலும் இதே வகையினவே. வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவர் குடமும் நிரம்ப வேண்டும் என்று எண்ணுவதற்கு ஒரு கணம் போதும்.

வாசகர்களே! அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒருவனைச் சுட்டி 'அவன் என் ரைவல்' என்று சொன்னால் அதட்ட வேண்டாம். அந்தச் சொல்லின் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். ரைவல் என்றால் உன்னோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவன். அந்த வாய்க்கால் தூர்ந்து போனால் இருவர் வயலும் காயும். அது பெருகி உடைத்தால் இருவர் வயலும் மூழ்கும் என்று சொல்லுங்கள். உன் பங்கைத் தயங்காமல் கேள், அவன் பங்கைத் தடுக்காமல் விடு, தூர் வாரும் நாளில் அவனுக்கு முன்பே மண்வெட்டியோடு போய் நில் என்று கற்றுக் கொடுங்கள்.

கணுக்கால் அளவில் நிறுத்திக் கொண்டு அடுத்தவருக்கு மடை திறந்துவிடும் மனத்தை, எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.